நம்பாமல் பேசப் பழகுதல்

மார்ச் 4, திங்கள். சர்க்கரை 7.2

கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி கொடுத்த நோட்டில் காலைச் சர்க்கரை அளவை மட்டும் எழுதினால் போதுமாம், ஏழைத் தாண்டாமல் இருந்தால் நல்லதாம். ஒரு எண்ணுக்கு ஒரு பக்கமா? மீதி இடத்தில் நான் எழுதிக்கொள்கிறேன். கேட்க யார் இருக்கிறார்கள்.

இன்று பசாருக்கு லீவு. வியாபாரிகள் சங்கக் கூட்டம் நடந்தது. நாற்பத்திரண்டு கடைக்காரர்களில் நான் ஒருத்திதான் தமிழச்சி, பூக்கடை அன்னலெட்சுமி. மற்றவர்கள் எல்லாரும் சீனர்கள், வாயைத் திறந்தால் கேண்டனீஸ். ஈப்போவிலேயே பிறந்து ஐம்பத்துமூன்று வயதாகியும் அந்தப் பாஷையில் எனக்கு விலை சொல்லவும் சாப்பிட்டாச்சா என்று கேட்கவும்தான் வரும். மிச்சத்தை மலாயில் சமாளிப்பேன். மலாயும் செல்லாத இடத்துக்கு ஃபோங் இருக்கிறாள்.

ஃபோங் பக்கத்து மேசையில் தௌஃபூ, அதாவது சோயாக்கட்டி, விற்பவள். அவள் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் நம் ஆட்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். அதனால் தமிழ் நம்மைப் போலவே பேசுவாள், வசவு நம்மைவிட நன்றாகப் பேசுவாள். பதினொரு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேசை. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளும் என் கடையையும் அவள்தான் பார்த்தாள். பூ கட்டத் தெரியாது, உதிரியாகவே விற்றாள்.

கூட்டத்தில் பேசியதாக ஃபோங் எனக்குச் சொன்னது இதுதான். புது பசார் கட்டிடம் தயார். அங்கே முப்பத்தேழு கடைதான். சங்கம் பட்டியல் கொடுக்கும், நகராட்சி அதன்படி கடிதம் அனுப்பும். ஐந்து பேர் விட்டுக்கொடுக்க வேண்டும். நல்ல வேளையாக வயதான ஐந்து பேர் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள். ஒவ்வொருவரையும் தலைவர் லோக் தௌக்கே, அதாவது லோக் முதலாளி, முன்னால் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசி ஒரு டின் பிஸ்கட் கொடுத்தார். இந்தச் சங்கத்தில் ஓட்டு கிடையாது. தலைவர் சொல்வார், எல்லாரும் கைதட்டினால் முடிந்தது.

கடைசியில் ஃபோங் எழுந்து ஏதோ சொன்னாள், என் பெயரும் வந்தது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். "என்னடி இது?" என்று ஃபோங்கிடம் கேட்டேன். "உன் பூவப் பத்தி நல்லா பேசுறாங்க. நீயும் தட்டு" என்றாள். நானும் தட்டினேன். எனக்கும் ஒரு டின் பிஸ்கட். சீனப் பெருநாளுக்கு அவர்கள் சாமிமேடைக்கு மாலை கட்டிக் கொடுத்தேன் அல்லவா, அதற்காக இருக்கும்.

இடம் உறுதியானதில் மனசு நிறைந்துவிட்டது. இனிப்பு பிஸ்கட் என்றாலும் இரண்டு தின்றேன். மிஸ்ஸி படித்தால் படிக்கட்டும்.

மார்ச் 6, புதன். சர்க்கரை 7.9

கேமரன் மலையிலிருந்து சாமந்தி கொண்டுவருகிறவன் இன்றைக்குப் பறித்தது என்று சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போனான். பத்து மணிக்கெல்லாம் இதழ் கொட்டிவிட்டது. ஐஸ்பெட்டியில் நாலு நாள் இருந்த பூ.

ஃபோங் ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "லெச்சுமி, நீ எல்லாத்தையும் நம்பிக்கிற. இது நல்லதில்ல. நான் உனக்கு நம்பாம பேச கத்துக் குடுக்கிறேன். எங்க பாஷையில" என்றாள்.

"பதினொரு வருஷமா கத்துக் குடுக்கலையே, இப்ப என்ன திடீர்னு?"

"இப்பத்தான் தோணுச்சு."

முதல் பாடம், ஹை மே. அப்படியா என்று அர்த்தம். ஆனால் 'மே'யை மேலே இழுக்க வேண்டும், புருவமும் கூடவே ஏற வேண்டும். இரண்டாவது, குவாய் ஸொன். குவாய் என்றால் பேய், ஸொன் என்றால் நம்புவது. பேய்தான் நம்பும் இதை. நான் பதிலுக்கு, கேப்பையில் நெய் வடியுதுன்னா கேக்கிறவனுக்கு புத்தி எங்க போச்சு என்று சொல்லிக் கொடுத்தேன். கேப்பை என்றால் என்ன என்று விளக்குவதற்குள் இரண்டு வாடிக்கை போய்விட்டது.

மார்ச் 9, சனி. சர்க்கரை 7.1

இன்றைய பாடம் தவளை. இவ்வளவு பெரிய தவளை தெருவில் துள்ளிக்கொண்டு போகுமா என்று கேட்பார்களாம். அதாவது, பிடித்துத் தின்ன அத்தனை பேர் இருக்கும்போது கொழுத்த தவளை சும்மா உன் முன்னால் வந்து குதிக்குமா? யாராவது அள்ளிக் கொடுக்கிற மாதிரி பேசினால் இதைச் சொல்ல வேண்டும். பின் யாவ் காம் தாய் செக் காப் நா... அதற்கு மேல் நாக்கு மடங்குகிறது. ஃபோங் சிரித்துச் சிரித்துத் தௌஃபூ ஒன்றை நசுக்கிவிட்டாள்.

இன்னொன்று அவள் தொழில் சம்பந்தப்பட்டது. பேயை ஏமாற்றித் தௌஃபூ தின்ன வைப்பது. யாரிடம் கதை விடுகிறாய் என்று கேட்க இதுதான் சரியாம். நம் ஊரில் காதில் பூ சுற்றாதே என்போம் என்றேன். "அப்ப பொய்யிக்கு உங்களுக்கும் எங்களுக்கும் நம்ம ரெண்டு கடை சாமானும் வேணும்" என்றாள். இந்த மாதிரிப் பேச்சுக்காகவே அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

மார்ச் 12, செவ்வாய். சர்க்கரை 7.0

பழகுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். ஃபோங் தமிழில் ஒரு பொய் சொல்ல வேண்டும், நான் கேண்டனீஸில் நம்பாமல் பதில் சொல்ல வேண்டும். "இன்னிக்கு என் தௌஃபூவ ராணி வந்து வாங்கினாங்க." ஹை மே. "எங்கம்மாவுக்கு எம்மேல ரொம்ப பாசம்." குவாய் ஸொன். எதிர்க்கடை மீன்காரி ஆ லிங்குக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. என் பதிலை மட்டும் கேட்டுவிட்டு அவள் சிரிக்கிற சிரிப்பில் மீனெல்லாம் குலுங்குகிறது. என்னைப் பார்த்து அந்தப் பசார் இப்படிச் சிரித்ததே இல்லை. சந்தோஷமாக இருக்கிறது.

மார்ச் 14, வியாழன். சர்க்கரை 7.4

மழை. வியாபாரம் இல்லை. புது பசாரில் தண்ணீர்க்குழாய் ஒவ்வொரு மேசைக்கும் உண்டாம்.

மார்ச் 16, சனி. சர்க்கரை 6.8

பரீட்சை என்று சொல்லி வரிசையாகப் பொய் சொன்னாள். முதலில் ஆ லிங் ஆம்பளையாம். பிறகு லோக் தௌக்கே என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டாராம். எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னேன்.

அப்புறம் கத்தியைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "புது பசார்ல உனக்குக் கடை இல்ல லெச்சுமி. உன் எடம் என் தம்பிக்குப் போயிருச்சு. நான்தான் கேட்டு வாங்குனேன்" என்றாள்.

நான் கையை இடுப்பில் வைத்து, தவளை வாக்கியத்தை முதல்முறையாக ஒரு எழுத்து தப்பாமல் முழுசாகச் சொல்லி முடித்தேன். ஆ லிங் கைதட்டினாள். காய்கறிக்கடைக்காரரும் தட்டினார். ஃபோங் மட்டும் சிரிக்கவில்லை. கத்தியைத் திரும்பவும் கழுவினாள்.

"பாஸா ஃபெயிலா?" என்றேன்.

"பாஸ்" என்றாள். அவளுக்கு மூட்டு வலி. சனிக்கிழமை என்றால் கூடுதல்.

மார்ச் 20, புதன். சர்க்கரை 8.3

ஃபோங்குக்கும் ஆ லிங்குக்கும் நகராட்சிக் கடிதம் வந்துவிட்டது. எனக்கு இன்னும் வரவில்லை. தபால்காரன் எங்கள் வீட்டு வரிசைக்கு எப்போதுமே பிந்தித்தான் வருவான். நாளைக்குப் பங்குனி உத்திரம், ஆயிரம் வேலை கிடக்கிறது. இதற்கெல்லாம் கவலைப்பட நேரமில்லை.

மார்ச் 21, வியாழன். அளவு பார்க்கவில்லை

நாலு கூடை மல்லி, ஐம்பது மாலை. விரலெல்லாம் நார் அறுத்த கோடு. உச்சி வேளையில் பன்றிக்கடைக் கிழவர் வந்து, எப்போது கிளம்புகிறாய் என்று மலாயில் கேட்டார். எல்லாரும் கிளம்பும்போதுதான் என்றேன். ஜொகூரில் வெயில் அதிகம், உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். என் மகள் யோகேஸ் ஜொகூரில் இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? வயதாகிவிட்டது, பசாரை எங்கேயோ கொண்டுபோய் வைக்கிறார்.

மார்ச் 27, புதன். சர்க்கரை 9.6

ஃபோங்கின் தம்பி ஆ கியோங் வந்திருந்தான். சிங்கப்பூர் ஃபேக்டரியில் மெஷினில் இடது கை நசுங்கி ஊருக்கே வந்துவிட்டானாம். பாவம். நல்ல கையால் டேப்பை இழுத்து ஃபோங்கின் மேசையை அளந்தான். அப்புறம் என் மேசையையும் அளந்தான். புது மேசை இதைவிடப் பெரிதா சிறிதா என்று தெரிந்துகொள்ள இருக்கும்.

இன்று பாடம் இல்லை. ஃபோங்குக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம். வாடிக்கையிடம் மட்டும் நன்றாகக் கத்தினாள்.

ஏப்ரல் 2, செவ்வாய். சர்க்கரை 11.8

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

ஃபோங் வங்கிக்குப் போயிருந்தாள். ஆ லிங் ஒரு பொட்டலம் கருவாடு கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். எதற்கு என்றேன். வழியில் சாப்பிட என்றாள். எந்த வழியில்? ஜொகூர் வழியில். அவளுக்கு மலாய் அரைகுறை, எனக்குக் கேண்டனீஸ் கால்வாசி. இரண்டையும் கலந்து, கை காட்டி, விரல் விட்டு அரை மணி நேரம் பேசினோம். நான் கடையை விட்டுவிட்டு மகளோடு இருக்கப் போகிறேனாம். ஃபோங் கூட்டத்தில் எழுந்து சொன்னாளாம். லோக் தௌக்கே என்னை வாழ்த்தி வழியனுப்பிப் பேசினாராம். காலியான இடத்துக்கு ஆ கியோங்கின் பெயரை ஃபோங்தான் சொன்னாளாம். எல்லாரும் கைதட்டினார்கள். நீயும்தான் தட்டினாய் என்று ஆ லிங் என் கையைப் பிடித்துத் தட்டிக் காட்டினாள்.

ஹை மே என்றேன். அவள் வழக்கம்போலச் சிரித்தாள். நான் விளையாடவில்லை. திரும்பவும் கேட்டேன், புருவத்தை ஏற்றாமல் கேட்டேன். அப்போதுதான் அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

ஃபோங் திரும்பி வந்து, "பசியாறிட்டியா?" என்றாள். பசியாறிவிட்டேன் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

ஏப்ரல் 3, புதன்

ஒருவேளை ஆ லிங் தப்பாகச் சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 5, வெள்ளி. சர்க்கரை 12.1

சீனர்களின் கல்லறைத் திருநாள். இரண்டு கடையிலும் தள்ளுமுள்ளு. அவள் தௌஃபூ கட்ட, நான் சாமந்தி கட்ட, பதினொரு வருடப் பழக்கத்தில் அவள் நீட்டிய பையை நான் வாங்க, நான் நீட்டிய நாரை அவள் பிடிக்க, பார்க்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. அவளாகச் சொல்லிவிடுவாள் என்று மாலைவரை காத்திருந்தேன். மேசையைக் கழுவிவிட்டு, "வர்றேன் லெச்சுமி" என்று போய்விட்டாள்.

நான் எப்போது ஜொகூர் போகிறேன் என்றேன் என்று இரவெல்லாம் யோசித்தேன். சொல்லியிருக்கிறேன். போன தீபாவளிக்கு முந்தின வாரம் இடுப்பு ஒடிய வேலை செய்துவிட்டு, "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மககிட்டயே போயிரலாம் போலிருக்கு" என்றேன். உலகத்தில் வேலை செய்கிற எந்தப் பொம்பளை அப்படிச் சொல்லாமல் இருக்கிறாள்? அதை அவள் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 8, திங்கள். சர்க்கரை 13.4

சங்கக் கூட்டம். ஃபோங்குக்குச் சொல்லாமல் போனேன். அவள் அங்கே இருந்தாள்.

கடைசியில் வேறு ஏதாவது உண்டா என்று லோக் தௌக்கே கேட்டார். எழுந்தேன். மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் பழகியதைக் கேண்டனீஸிலேயே சொன்னேன். நான் ஜொகூர் போகவில்லை. கடை வேண்டும். யாரிடமும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அப்புறம் பின்வரிசையில் ஒரு ஆள் பக்கத்து ஆளிடம் சொன்னது காதில் விழுந்தது. ஸாம் எனக்குத் தெரியும், மூன்று. ஸைலோ என்றால் சின்னப் பிள்ளை. ஸொன் என்றால் நம்புவது. மூன்று வயதுப் பிள்ளைகூட நம்பாது. யாரும் எனக்குச் சொல்லித்தராத வாக்கியம், தானாகப் புரிந்தது. இத்தனை வருடத்தில் அந்தப் பாஷையில் எனக்கு முழுசாகப் புரிந்த முதல் பேச்சு அது, அதுவும் என்னை நம்பாமல் பேசியது.

அவர்களைச் சொல்லி என்ன. கைதட்டினேன், டின்னை வாங்கிக்கொண்டேன், ஒரு மாதம் கழித்து வந்து இல்லை என்கிறேன். நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

லோக் தௌக்கே நியாயமான மனிதர். ஃபோங்கைப் பார்த்து, போகிறேன் என்று அவள் உன்னிடம் சொன்னாளா இல்லையா என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், எனக்கும் புரியட்டும் என்று. ஃபோங் எழுந்தாள். தம்பி அவள் பக்கத்தில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தான். அவள் என்னைப் பார்த்தாள். கடவுளே, இவள் இப்போது சொல்லிவிடுவாள் என்று அந்த ஒரு நிமிஷம் நான் மனசார நம்பினேன்.

"சொன்னாள்" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

முப்பத்தேழு பெயரும் நகராட்சிக்குப் போய்விட்டது, இனி மாற்றுவதற்கில்லை என்று தலைவர் வருத்தத்தோடு சொன்னார். கைதட்டல் இல்லை. எல்லாரும் நாற்காலியை மடக்கினார்கள்.

வாசலில் ஃபோங் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கைய விடு."

"லெச்சுமி, அவனுக்குக் கை போச்சு. அம்மா நெதமும் அழுவுறாங்க. உனக்கு மக இருக்கு, மருமகன் இருக்கு. அவனுக்கு யாரு இருக்கா?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா பாதி மேசையக் குடுத்திருப்பேனே."

"கேக்க வாய் வரல. ஆனா நான் ஒளிச்சேன்னு சொல்லாத. உன் மூஞ்சிக்கு நேரா சொன்னேன். ஆ லிங், காய்க்காரரு எல்லாரும் நின்னாங்க. நீதான் நம்பல."

கழுவிய கத்தியைத் திரும்பவும் கழுவியது ஞாபகம் வந்தது. சாமந்திப் பூவுக்காக அவள் பாடம் ஆரம்பிக்கவில்லை. கூட்டம் முடிந்து இரண்டாம் நாள் ஆரம்பித்திருக்கிறாள். நானாக ஒரு நாள் அவளைப் பார்த்து நம்பாமல் கேட்பேன், அவளும் வேறு வழியில்லாமல் சொல்லிவிடுவாள் என்று இருந்திருக்கிறாள். வாயில் வராததைச் சொல்லவைக்கிற வேலையையும் என் தலையிலேயே கட்டினாள். நான் எல்லாரையும் சந்தேகப்படப் படித்தேன், அவளை விட்டுவிட்டேன்.

"என்கிட்ட தமிழ்ல சொன்ன. அவங்ககிட்ட உன் பாஷையில சொன்ன" என்றேன். "அங்க நின்னவங்கள்ல யாருக்குடி தமிழ் தெரியும்?"

கையை விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து சோறுகூட வைக்காமல் அழுதேன். வீட்டுக்காரர் போனபோது இப்படி அழவில்லை. அப்போது தோளைப் பிடித்துக்கொள்ள ஃபோங் இருந்தாள்.

ஏப்ரல் 10, புதன். சர்க்கரை 12.6

நகராட்சி முகப்பில் ஒரு மலாய்ப் பெண் பொறுமையாகக் கேட்டாள். சங்கப் பட்டியலை மீறி அவளால் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்து யாராவது விலகினால் கூப்பிடுவதாக என் நம்பரை எழுதிக்கொண்டாள்.

ஏப்ரல் 14, ஞாயிறு. சர்க்கரை 10.2

சித்திரைப் புத்தாண்டு. பழைய பசாரில் கடைசிப் பண்டிகை வியாபாரம். ஃபோங் என் பக்கம் திரும்பாமல் விற்றாள். நான் அவள் பக்கம் திரும்பாமல் விற்றேன். இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான்.

ஏப்ரல் 28, ஞாயிறு. சர்க்கரை 9.0

யோகேஸ் போன் பண்ணினாள். எல்லாம் சொல்லிவிட்டேன்.

"விட்டுத் தள்ளுங்கம்மா. எத்தனை வருஷமா வாங்க வாங்கன்னு கூப்புடுறேன். ரூம் சும்மாதான் கெடக்கு. மருமகன் வந்து சாமான் தூக்குவாரு. இங்கயும் கோயில் இருக்கு, பூ கட்டி வித்துக்குங்க."

நல்ல பிள்ளை. அந்த அறையில் மின்விசிறிகூடப் புதிதாக மாட்டியிருக்கிறாளாம். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசைதான். இடுப்பு வலிக்கிறது. போன மாதம் யாராவது மரியாதையாகக் கேட்டிருந்தால் பாதி மனசோடு கிளம்பியிருப்பேன்.

"நான் வரல. புது பசார் வாசல்ல தெருவோரமா பலகை போட்டு விக்கப் போறேன்" என்றேன்.

"ஏம்மா?"

"நான் அங்க வந்தா அவ சொன்னது நெசமாயிரும்."

"அதுக்காகவாம்மா வெயில்ல கெடந்து சாவீங்க?"

"அதுக்காகத்தான்."

கிறுக்கு என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

மே 2, வியாழன். சர்க்கரை 8.8

புது பசார் திறந்தார்கள். சிங்க நடனம், பட்டாசு, சிவப்புத் துணி எல்லாம் உண்டு. வாசலுக்கு நேர் எதிரே பூட்டிக் கிடக்கும் தையல்கடை முன்னால் என் கடை: ஒரு பலகை, இரண்டு கூடை, ஒரு குடை. நடைபாதையில் விற்க அனுமதிச் சீட்டு வாங்கிச் சட்டையில் ஊக்கால் குத்தி வைத்திருந்தேன்.

வாசலைத் தாண்டுகிற எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். முதலில் பன்றிக்கடைக் கிழவர் நின்றார். இன்னும் ஜொகூர் போகலையா என்றார். போகவில்லை, போவதாக நான் சொல்லவே இல்லை என்று கேண்டனீஸில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், உள்ளே ஃபோங்கின் மேசையைப் பார்த்தார், தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டு போனார். அடுத்தது காய்கறிக்காரர். அடுத்தது லோக் தௌக்கேயின் மனைவி. கேட்ட ஒவ்வொருவருக்கும் அதே பதிலை அதே சத்தத்தில் சொன்னேன். சிலர் நம்பியிருக்கமாட்டார்கள். நாளைக்கும் கேட்பார்கள், நாளைக்கும் சொல்வேன்.

ஆ லிங் வந்து ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள்.

ஃபோங்கின் மேசை வாசலைப் பார்த்த முதல் வரிசை. தலையைத் தூக்கினால் நான் தெரிவேன். ஒன்பது மணிக்குத் தம்பியிடம் ஏதோ சொல்லி மேசையைத் திருப்பிப் போடப் பார்த்தாள். குழாயும் வடிகாலும் சிமெண்டில் கட்டியிருக்கிறது, மேசை அசையவில்லை. பத்து மணிக்கு மேல் வாடிக்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வியாபாரம் செய்தாள்.

மல்லி பாதிதான் விற்றது. ஒரு மணிக்கு வெயில் பலகைமேல் ஏறியதும் குடையைச் சாய்த்து வைத்துக்கொண்டு மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தேன்.